லேயருக்கு மாறி மூன்று வருடம்

நான் பராமரிக்கும் தளத்தில் முன்பு பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் எல்லாம் ஒரே கோப்புதான், நாலாயிரம் வரிக்கு மேல். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால் எங்கோ ஒரு மெனு குலைந்துபோகும். அதைச் சரிக்கட்ட ஒரு இம்பார்ட்டன்ட் (மற்ற வரிகளை மீறி இதையே எடு என்ற குறி), அதை அடக்க இன்னொன்று.

முதலில் பத்துப் பன்னிரண்டு கோப்புகளாகப் பிரித்து, மெயின் கோப்பிலிருந்து இம்போர்ட் போட்டு இழுத்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது, தளம்தான் மந்தமாகிவிட்டது. மெயின் கோப்பு வந்து, அதைப் படித்த பிறகுதான் மற்றவை இருப்பதே பிரவுசருக்குத் தெரியும். அவையும் வந்து சேரும்வரை பக்கத்தை வரையாமல் காத்திருக்கும். இப்போதும் எழுதுவது தனித்தனிக் கோப்புகளில்தான், ஆனால் தளத்தில் ஏற்றுவதற்கு முன் நடக்கும் பில்டில் எல்லாம் ஒன்றாகிவிடும். கோப்புப் பெயரில் ஹாஷ், அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு. அதனால் பிரவுசர் அதைத் தன் கேஷில் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். பிரிண்ட் ஸ்டைலுக்கு மட்டும் தனி லிங்க். மீடியா பிரிண்ட் என்று குறித்துவிட்டால் திரையில் பக்கம் வருவதை அது தடுப்பதில்லை.

நிஜமான மாற்றம் கேஸ்கேட் லேயரால் வந்தது. ஸ்டைல்களை அடுக்குகளாகப் பிரித்து, எந்த அடுக்கு எதை வெல்லும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் வசதி அது. 2022இல் குரோம் 99, ஃபயர்ஃபாக்ஸ் 97, சஃபாரி 15.4 எல்லாம் அதை ஏற்றுக்கொண்டிருந்தன. ரீசெட் (பிரவுசரின் இயல்பு ஸ்டைலைச் சமன்செய்வது), பேஸ் (பொதுவான ஸ்டைல்), காம்பொனன்ட் (பட்டன், மெனு போன்றவை), யுடிலிட்டி (ஒரே வேலைக்கான சின்ன ஸ்டைல்கள்) என்று முதல் வரியிலேயே வரிசையைச் சொல்லிவிட்டால், பின்னால் வரும் லேயர்தான் ஜெயிக்கும். ஸ்டைல் எந்த உறுப்புக்கு என்று சொல்லும் செலக்டர் எவ்வளவு கனம் என்ற கணக்கெல்லாம் ஒரே லேயருக்குள் மட்டும். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் வெளியிலிருந்து எடுத்த ஒரு ஸ்லைடரின் (படங்களை நகர்த்திக் காட்டும் பகுதி) ஸ்டைல் என் யுடிலிட்டிகளை எல்லாம் மிதித்தது. எந்த லேயரிலும் சேராத ஸ்டைல் எல்லா லேயரையும் வென்றுவிடும் என்பது புரிய அரை நாள் போனது. அதையும் ஒரு லேயருக்குள் தள்ளியதும் அடங்கியது.

அப்புறம் ஒரு முட்டாள்தனம். பிரவுசரோடு வரும் டெவ்டூல்ஸின் கவரேஜ் பகுதியில் பயன்படாதவை என்று சிவப்பாகத் தெரிந்த வரிகளை மொத்தமாக நீக்கினேன். அந்த நேரம்வரை ஓடாத வரிகளைத்தான் அது காட்டுகிறது. படிவத்தில் தப்பாக நிரப்பினால் வரும் பிழைச்செய்தியின் ஸ்டைலும் அதில் போய்விட்டது. ஒரு வாரம் கழித்துப் பயனர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது நீக்கப்போகும் ஸ்டைலின் கிளாஸ் பெயரைத் தளத்தின் கோட் முழுக்கத் தேடாமல் எதையும் நீக்குவதில்லை.

இம்பார்ட்டன்ட் இன்னும் மூன்று வரிகளில் இருக்கிறது, தெரிந்தேதான். அசைவு வேண்டாம் என்று தங்கள் கருவியில் வைத்திருப்பவர்களுக்கு அனிமேஷனை நிறுத்தும் வரிகள் அவை. இம்பார்ட்டன்ட் என்று வந்தால் லேயர் வரிசை தலைகீழாகிவிடும், முதல் லேயர்தான் மேலே. அதனால் அந்த மூன்றையும் ரீசெட்டில் வைத்திருக்கிறேன். ஸ்லைடரின் இம்பார்ட்டன்ட்கூட அங்கே எடுபடாது.