நடைபாதையை உயர்த்துவதா, தெருவையே சமமாக்குவதா?

காரைக்குடியில் கடைகளும் வீடுகளும் கலந்திருக்கும் எங்கள் தெருவைச் சீரமைக்க இரண்டு வரைபடங்கள் முன்வைக்கப்பட்டபோது, தெருக்காரர்கள் கூடிப் பேசி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரைபடம் எல்லோருக்கும் பழக்கமானது: நடுவே தார்ச்சாலை, இரு ஓரமும் விளிம்புக்கல் வைத்து உயர்த்திய நடைபாதை, சாலையோரத்தில் வெள்ளைக்கோடு போட்டுப் பிரித்த சைக்கிள் தடம். இரண்டாவது, இந்த வீட்டுப் படியிலிருந்து எதிர்வீட்டுப் படிவரை ஒரே மட்டமாகப் பேவர் பிளாக் பதித்து, நடப்பவர்களுக்கான ஓரத்தை முழங்கால் உயரக் கல்தூண்களால் மட்டும் பிரித்து, தெருவின் இரு முனையிலும் மேடை போல அகன்ற வேகத்தடை அமைப்பது. நடுவில் இரும்பு வேலி போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. எதிர்க்கடைக்குப் போகத் தெருமுனைவரை சுற்றச் சொன்னால் யாரும் சுற்றமாட்டார்கள், வேலியைத்தான் தாண்டுவார்கள் என்பதால் அதை அன்றே விட்டுவிட்டோம்.

உயர்த்திய நடைபாதை மோசமான ஏற்பாடு அல்ல. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையில் ஒருமுறை நடந்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே அகலம் இருக்கிறது. எங்கள் தெரு 9 மீட்டர்தான். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி தடையில்லாமல் நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். இரு பக்கமும் அதைக் கொடுத்தால் மிஞ்சுவது 5.4 மீட்டர், அதற்குள்தான் போக்கும் வரத்தும் சைக்கிளும். வெள்ளைக்கோட்டுக்குள் சைக்கிள் போகும் என்று நம்புகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு எந்தக் கடைத்தெருவிலாவது வந்து நின்று பார்க்கலாம். கோடு போட்ட இடம் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடமாகத்தான் இருக்கும்.

சமதளத் தெருவில் சைக்கிளுக்கென்று தனித் தடம் கிடையாது. மற்ற வண்டிகளின் வேகத்தைக் குறைத்துச் சைக்கிளை அவற்றோடு கலந்து ஓடவிடுவதுதான் அதன் சூத்திரம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 30 கி.மீ. வண்டியைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலோடு இடிக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் குடியிருப்புத் தெருக்களை இப்படி மாற்றத் தொடங்கி, 1976இல் அதற்குச் சட்ட ஏற்பும் பெற்றார்கள். வேகத்தடை என்றதும் சைக்கிள்காரரின் முதுகெலும்பைப் பதம்பார்க்கும் குறுகிய மேடு நினைவுக்கு வரும்; முறைப்படி கட்டினால் அது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவு, சைக்கிள் அலுங்காமல் ஏறி இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். எங்கள் வீட்டு முகப்பில் திண்ணைக்கு ஏற ஐந்து படிகள் இருந்ததாக ஆயா சொல்வார். இன்று வெளியே தெரிபவை மூன்று. மற்ற இரண்டும் உடையவில்லை, சாலைக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றித் தெரு உயர்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியிருந்தாலும், படிகளை விழுங்கிய சாலை 15 செ.மீ. விளிம்புக்கல்லை மட்டும் விட்டுவைக்கும் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. தார் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றாவது முறைக்குப் பிறகு விளிம்பு 3 செ.மீ.தான் மிஞ்சும், அதன்மேல் ஏற மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைக்கக்கூடத் தேவையில்லை.

நம் ஊர்களில் உயர்த்திய நடைபாதை என்பது பெரும்பாலும் வடிகாலின் மூடி என்பதையும் மறக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் தூர்வாரக் கடப்பாரையால் பலகைக் கற்களை நெம்பி எடுப்பார்கள். திரும்ப வைக்கும்போது ஒன்று முனை தூக்கி நிற்கும், இன்னொன்று ஆடும், ஒன்று காணாமலே போகும். அதோடு வண்டி ஏற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையை இறக்கிவிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் 60 மீட்டருக்குள் 11 இடங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்ததை எண்ணியே பார்த்தேன். முழங்கால் வலியோடு கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகும் ஆச்சிமார்கள் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி நடப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சமதளத்தில் மழைநீருக்கு ஓரமாக ஆழமில்லாத திறந்த கல்வாய்க்கால் போதும், விளக்குமாறே அதற்குத் தூர்வாரும் கருவி. தெருத் தண்ணீரைச் சரிவு பார்த்து ஊருணிக்கு அனுப்பிய செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. குழாய்க்காகத் தோண்டினாலும், 80 மி.மீ. கனமுள்ள பேவர் பிளாக் கட்டிகளைப் பெயர்த்து அடுக்கிவைத்து, வேலை முடிந்ததும் அவற்றையே திரும்பப் பதிக்கலாம். தெரு ஓர் அங்குலமும் உயராது. ஆனால் பதிப்பவர் அடிமண்ணைக் கெட்டிக்க வேண்டும். இரண்டாவது வரைபடப்படி அமைத்த எங்கள் தெருவில் குழாய் வேலைக்குப் பிறகு மணலைக் கொட்டி அப்படியே கட்டிகளை அடுக்கிவிட்டுப் போனார்கள். தண்ணீர் லாரி ஒன்று திரும்பிய அன்றே ஒரு பாத்தி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. பிறகு அதே கட்டிகளை எடுத்து, ஜல்லியைக் கெட்டித்துப் பதித்தபோது ஒரு பகலில் சரியாகிவிட்டது. தார்ச்சாலைப் பள்ளமாக இருந்திருந்தால் அடுத்த ஒப்பந்தப்புள்ளிவரை காத்திருந்திருப்போம்.

இந்த அமைப்பை இதுவரை ஒரே ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் பத்தாண்டு தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பார்வையற்றவர்களுக்கு விளிம்புக்கல்தான் கைத்தடிக்குத் தட்டுப்படும் எல்லை; அதை எடுத்துவிட்டால் அந்த எல்லையில் கைத்தடியிலும் காலிலும் உணரக்கூடிய மேடுகள் உள்ள தொடுகற்களைப் பதித்தே ஆக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பக்கம் மட்டுமே பதித்திருக்கிறோம், அது குறைதான். பேருந்துகள் ஓடும் 100 அடி ரோடு போன்ற அகன்ற சாலைக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அங்கே உயர்த்திய நடைபாதையும், கோட்டால் அன்றித் திட்டால் பிரித்த சைக்கிள் தடமும்தான் பொருந்தும்.

கல்தூண்களின் இடைவெளிதான் இன்னும் தீராத பஞ்சாயத்து. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு விட்டால் மோட்டார் சைக்கிளும் நுழைகிறது, அதைக் குறுக்கினால் நாற்காலி நின்றுவிடுகிறது. தெருமுனையில் இருக்கும் இடைவெளியில் பூக்காரம்மா கூடையை வைத்து உட்கார்ந்துகொள்கிறார். நாற்காலி வந்தால் கூடையை நகர்த்துகிறார், மோட்டார் சைக்கிள் வந்தால் நகர்த்துவதில்லை.