வாழைக்குள் கத்திரியை அனுப்ப எந்த வழி?

ரஸ்தாளியில் மரபணுத் திருத்தம் செய்வதை ஆய்வுக்கு எடுத்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 என்ற கத்திரிப் புரதத்தின் மரபணுவை, செடிக்குள் மரபணுவைச் செருகும் மண் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியம் வழியாகச் செல்லுக்குள் புகுத்துவது ஒன்று. தயார் நிலையில் உள்ள காஸ்9 புரதத்தையும், எங்கே வெட்டுவது என்று அதற்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து, சுவர் நீக்கிய செல்லுக்குள் நேரடியாகச் செலுத்துவது மற்றொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன்.

அக்ரோபாக்டீரியம் பழகிய பாதை. 2018-ல் மொகாலி தேசிய வேளாண் உணவு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தார் ரஸ்தாளியில் பி.டி.எஸ். மரபணுவை வெட்டிக் காட்டியது இதே வழியில்தான். அந்த மரபணு போனால் பச்சையம் நிலைக்காது. கண்ணாடிக் குடுவையில் பால் வெள்ளையாகக் குருத்துகள் வரும், வளர்ப்பு ஊடகத்திலுள்ள சர்க்கரையால் மட்டும் உயிர் வாழும். வெட்டு விழுந்ததை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். காஸ்9 மரபணுவோடு ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்து அனுப்புவார்கள்; ஆன்டிபயாட்டிக் கலந்த ஊடகத்தில் போட்டால் மரபணு ஏறாத செல்கள் செத்துவிடுவதால் சலித்தெடுப்பதும் எளிது.

என்னை மாற்றியது ஒரே விஷயம்: வேலை முடிந்த பிறகு கத்திரியை எப்படி வெளியே எடுப்பது? நெல்லில் கவலையில்லை. திருத்திய செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, விதை எடுத்து முளைக்கவைத்தால், காஸ்9 இல்லாத, ஆனால் திருத்தம் உள்ள நாற்றுகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். ரஸ்தாளிக்கு விதையே இல்லை. மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட மலட்டு வாழை அது. கன்றிலிருந்து கன்றாகத்தான் பெருகும். அக்ரோபாக்டீரியம் செருகிய துண்டும் அதோடு கன்றுக்குக் கன்று போய்க்கொண்டே இருக்கும். 2022 மார்ச் 30 அன்று மத்திய அரசு எஸ்.டி.என்.1, எஸ்.டி.என்.2 எனப்படும், செடியின் சொந்த மரபணுவில் சிறு மாற்றம் மட்டும் செய்யும் வகைத் திருத்தங்களுக்கு மரபணு மாற்றுப் பயிர் விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. வெளி டி.என்.ஏ. எதுவும் செடியில் மிஞ்சக் கூடாது என்பதே நிபந்தனை. காஸ்9 மரபணு உள்ளே கிடக்கும் வாழைக்கு அந்த விலக்கு கிடைக்காது. அப்படியானால் விவசாயியின் வயல்வரை போகும் வாய்ப்பு அதற்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

புரதமாகச் செலுத்தினால் வெட்டிவிட்டு அதுவாகவே சிதைந்துபோகும், தடயம் தங்காது.

விலையும் உண்டு. நொதிகளில் ஊறவைத்துச் சுவர் கரைந்த செல்கள் நுண்ணோக்கியில் வெந்த ஜவ்வரிசி போலத் தெரியும். பிப்பெட் முனையை வெட்டி அகலப்படுத்தாமல் உறிஞ்சினால் பாதி உடைந்துவிடும். சலிக்க ஆன்டிபயாட்டிக் கிடையாது, வளர்ந்து வருவதையெல்லாம் ஒவ்வொன்றாக டி.என்.ஏ. வரிசை படித்துத்தான் தேட வேண்டும். மரபணுவின் மூன்று பிரதிகளிலும் வெட்டு விழுந்ததா என்பதும் அதில்தான் தெரியும். என் தட்டுகளில் இப்போது இருப்பவை சிறு செல் திரள்கள்தான். அவற்றை முழுச் செடியாக்கிய அனுபவம் இன்னும் எனக்கு இல்லை, வயலைப் பற்றிச் சொல்லவே முடியாது.

ஒரு மரபணு என்ன செய்கிறது என்று அறிவது மட்டுமே நோக்கம் என்றால் அக்ரோபாக்டீரியமே போதும். புது மரபணுவைச் சேர்ப்பதாயிருந்தாலும் அந்த வழிதான். ஆஸ்திரேலியாவில் 2024-ல் அனுமதி பெற்ற கியூ.சி.ஏ.வி.-4 என்ற மரபணு மாற்றிய கேவண்டிஷ் வாழைக்கு, டி.ஆர்.4 என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோயைத் தாங்கும் திறன் காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்ததால் வந்தது. உள்ள மரபணுவை அணைக்கும் திருத்தத்தில் அது கிடைக்காது. ஆனால் ரஸ்தாளியில் ஒரு மரபணுவை அணைத்து, அந்தக் கன்றை ஒருநாள் வயலில் வைக்க நினைப்பவர், தாமதமானாலும் முதல் நாளிலிருந்தே புரத வழியில் தொடங்குவது நல்லது.