நாம்பனா, ஊசியா?

எங்கள் வளவில் நிற்பது ஒரே ஒரு பசு, ஜேர்சிக் கலப்பு. இதுவரை மூன்று ஈற்று. முதலாவது நாம்பனால் (காளையால்), பின்னிரண்டும் ஊசியால், அதாவது நாம்பன் இல்லாமல் விந்தைச் செலுத்திச் சினைப்படுத்தும் செயற்கை முறையால். இந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். பட்டியாக மாடு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

நாம்பனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பசு வேட்கைக்கு வந்ததை அது மணந்தே அறிந்துவிடும், நாங்கள் காவல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரெல்லாம் திரியும் நாம்பன் கருவைக் கலைக்கும் தொற்றுக்களையும் மாட்டுக்கு மாடு காவும். ஊசியென்றால் இனத்தை நாங்களே கேட்டு வாங்கலாம். சின்ன உடம்பு ஊர்மாட்டுக்குப் பிறீசியன் வேண்டாம், கன்று பெருத்து ஈனக் கஷ்டப்படும், ஜேர்சி போதும்.

என்னை ஊசிப் பக்கம் சாய்த்தது இது எதுவுமல்ல, திகதிதான். முதல் ஈற்றில் பசு தரவையில் மேய்ந்தபோது எந்த நாம்பன், எந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது. சினை என்று தெரிந்த பிறகும், இன்னும் நாள் இருக்கிறதென்று நினைத்துக் கறந்துகொண்டே இருந்தோம். ஒருநாள் விடியப் பார்த்தால் கொட்டிலில் கன்று நிற்கிறது! மடிக்கு ஓய்வே கொடுக்கவில்லை. கடும்புப்பால் தண்ணீர் மாதிரி இருந்தது, அந்த முறை பாலும் குறைவு.

ஊசி போட்டால் நாள் கையில் இருக்கும். பெப்ரவரி 1 போட்டால், 22ஆம் திகதியளவில் திரும்பவும் வேட்கைக்கு வந்து கத்துகிறதா என்று பார்க்கலாம், கத்தினால் சினை பிடிக்கவில்லை. கத்தாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது, இரண்டு மூன்று மாதத்தில் மிருக வைத்தியரைக் கொண்டு குதவழியே கையை விட்டுச் சினையைப் பார்ப்பித்தால்தான் நிச்சயம். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஆகவே நவம்பர் 8 அளவில் கன்று. அதற்கு 60 நாள் முன்னதாக, செப்டெம்பர் 9இல் கறப்பதை நிறுத்த வேண்டும். நாட்காட்டியில் மூன்று வட்டம், அவ்வளவுதான்.

சரி, ஊசிக்கும் ஒரு விலை உண்டு. வேட்கையை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஒற்றைப் பசுவில் கஷ்டம். இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதுதான் சரியான அறிகுறி. ஏற இங்கே வேறு மாடு இல்லையே. கத்தல், பால் குறைதல், பின்புறம் கண்ணாடி போல் வழியும் சளி, இவற்றை வைத்துத்தான் மட்டுக்கட்டுகிறோம். காலையில் கண்டால் அன்று பின்னேரம் ஊசி, பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. பிந்தினால் இன்னும் 21 நாள் காத்திருப்பு, அதுவரை தீனிச் செலவு மட்டும் ஓடும். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கத்தத் தொடங்கியது, ஊசி போட ஒருவரும் கிடைக்கவில்லை. அன்று பக்கத்து வீட்டு நாம்பனைப் பார்த்து மனம் சற்றுத் தடுமாறியது உண்மை.

ஆடுகளில் எனக்கு அனுபவம் இல்லை, அதைப் பற்றிப் பேசவில்லை. பசுவுக்கு நான்காவது ஈற்றுக்கு ஊசி போட்டாயிற்று. 21ஆம் நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஒரு கலியாண வீடு இருக்கிறது, மனிசி மட்டும் போய் வரட்டும்.