பழைய சிடி, டிவிடி: மொட்டை மாடியில் தேறியவை எவை?

பழைய சிடியை வைத்துச் செய்யும் கைவேலைகள் எல்லாம் முதல் நாள் ஜோராகத்தான் இருக்கும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று யாரும் காட்டுவதில்லை. எங்கள் வீட்டுப் பரணில் சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோ, மோசர் பேர் நிறுவனம் வெளியிட்ட சினிமாத் தட்டுகள், எம்பி3 பாட்டுத் தட்டுகள் என்று ஏகப்பட்டது கிடந்தது. சில வருடங்களாக அவற்றை வேறு வேலைகளுக்கு விட்டுப் பார்த்து வருகிறேன்.

சிடியும் டிவிடியும் பார்வைக்கு ஒன்றுதான்: 120 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. கனம், நடுவில் 15 மி.மீ. ஓட்டை. உள்ளே கட்டுமானம் வேறு. சிடியின் பளபளக்கும் உலோகப் படலம், பெயர் அச்சடித்த பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு நேர் அடியில் இருக்கிறது. டிவிடியில் 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டை ஒட்டி, நடுவே படலத்தைப் பொதிந்திருக்கிறார்கள்.

மாடித் தோட்டத்தில் தக்காளியைக் கொத்த வரும் சின்னான் குருவிகளுக்காக இரண்டையும் கட்டித் தொங்கவிட்டேன். மழை பட்டதும் சிடியின் பூச்சு விரிசல் விட்டு, படலம் வெள்ளிச் சருகாக உரிந்து கீரைத் தொட்டியில் விழ ஆரம்பித்தது. கடைசியில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் வெறும் பிளாஸ்டிக் தட்டுதான் மிஞ்சியது. டிவிடிகள் ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கி, மற்றபடி அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. அதனால் வெளியே தொங்கவிடுவதென்றால் டிவிடி மட்டும்தான். உரிய ஆரம்பித்த தட்டை உடனே இறக்கிவிடுவது நல்லது.

குருவிகள் பயப்படுமா? பயப்படும், கொஞ்ச நாளைக்கு. ஒரே இடத்தில் தொங்கினால் பழகிப்போய் அதன் பக்கத்திலேயே உட்காரும். காய் சிவக்கும் சமயத்தில் மட்டும் கட்டி, அடிக்கடி இடம் மாற்றினால் பலன் தெரிகிறது. இரண்டு தட்டுகளைப் பளபளப்பு வெளியே தெரியும்படி முதுகோடு முதுகாக ஒட்டி, தூண்டில் நரம்பில் கட்டினால் லேசான காற்றுக்கே சுழலும். மேகம் மூடிய நாளில் ஒன்றும் நடக்காது. அணில் எந்த நாளிலும் சட்டை செய்வதில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் தன் சமையலறைச் சுவரில் வெளிச்சம் ஓடுகிறது என்று ஒருநாள் சொன்னார். தென்னண்டைப் பக்கம் தொங்கிய தட்டுகளை அன்றே அவிழ்த்துவிட்டேன்.

வீட்டுக்குள் அசராமல் நிற்பது பம்பரம்தான். சாதாரணக் கோலிக்குண்டு ஏறக்குறைய 16 மி.மீ. இருக்கும். அது சிடியின் ஓட்டையில் விழாமல் கச்சிதமாக உட்காரும். கீழ்ப்பக்கம் கோலி, மேலே பிடித்துச் சுழற்ற பாட்டில் மூடி, இரண்டையும் எபாக்ஸி பசையால் ஒட்டினால் போதும். உடனடிப் பசை வேண்டாம். பிளாஸ்டிக்கைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். எடை ஓரம்வரை பரவியிருப்பதால் டைல்ஸ் தரையில் ஒருமுறை சுண்டினால் வெகு நேரம் சுழல்கிறது. மேலே வண்ணத்தாள் ஒட்டிச் சுழற்றினால் நிறங்கள் கலப்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இன்னொன்றும் காட்டலாம்: சிஎஃப்எல் பல்பின் வெளிச்சத்தைச் சிடியில் சாய்த்துப் பார்த்தால் நிறங்கள் தனித்தனிப் பட்டையாகத் தெரியும், எல்இடியில் ஒன்றோடொன்று இழைந்து வரும். சூரியனைப் பார்க்கவோ கிரகணம் பார்க்கவோ மட்டும் சிடியைக் கண்ணில் வைக்கவே கூடாது.

டம்ளர் வைக்கும் தட்டாக நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்ந்த டம்ளர் வியர்த்து அடியில் ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் சிடியும் சேர்ந்து வரும். மேலே துணி ஒட்டினால் சரியாகிறது, ஆனால் அப்புறம் அடியில் சிடி எதற்கு? கடிகாரம் பரவாயில்லை. இயந்திரத்தின் தண்டுக்கு 15 மி.மீ. ஓட்டை ரொம்பப் பெரிது என்பதால் வாஷர் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான்.

சைக்கிளின் பின்னால் சிடி கட்டுவதைத்தான் நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். கடையில் விற்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர், விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சிடி வெறும் கண்ணாடி மாதிரிதான். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வெளிச்சம் வேறெங்கோ போய்விடும், பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் தெரிய மாட்டோம்.

எதைச் செய்வதற்கு முன்பும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். கல்யாண வீடியோக்களை நான் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டேன். வங்கிக் காகிதம், அடையாள அட்டைப் பிரதி இருந்த சிடிகளில் பெயர்ப் பக்கத்தைக் கத்தியால் கீறி, பார்சல் டேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்தால் படலம் கையோடு வந்துவிடுகிறது. டிவிடியில் அது பலிக்காது, உடைத்துத்தான் ஆக வேண்டும். துணியில் சுற்றி வைத்து உடையுங்கள், சில்லு தெறிக்கும். மிச்சத்தைக் குப்பையோடு கொளுத்த வேண்டாம். எங்கள் பக்கத்துக் காயலான் கடைக்காரர் சிடி வாங்குவதில்லை என்பதால் மின்கழிவு சேகரிக்க வரும்போது கொடுத்துவிடுகிறேன்.