தலையணைக்குக் காவல், தலைவலிக்கு ஆள் இல்லை

கும்பகோணத்து நர்சிங் ஹோம் ஒன்றில் தங்கச்சிக்கு சிசேரியன். குழந்தை நலம், டாக்டரம்மா கைராசிக்காரர், அதிலெல்லாம் குறை இல்லை. என் புகார் தலையணை பற்றியது.

ஆபரேஷனுக்காக முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால், பிறகு தலைவலி வராமல் இருக்க ஒரு நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வேண்டும் என்ற பழைய சட்டம் உங்களுக்குத் தெரியும். அதை ஆயாம்மா காப்பாற்றிய விதம் இருக்கிறதே! தலையணையைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டு, வந்து வந்து எட்டிப் பார்த்தார். நான் துண்டை மடித்து வைத்ததற்கு "வெளிநாட்டுல இருந்துட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்று ஏச்சு வேறு. இத்தனைக்கும் மல்லாந்து படுப்பது அந்தத் தலைவலியைத் தடுக்காது என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்து ரொம்ப காலமாகிறது. லண்டனில் எனக்கு சிசேரியன் ஆன அன்றே கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, டோஸ்ட்டும் டீயும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சரி, காவல் எல்லாம் முடிந்தது. இரண்டாம் நாள் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தவள் "அக்கா, தலை பிளக்குது" என்று பின்மண்டையைப் பிடித்துக்கொண்டாள். படுத்தால் அடங்குகிறது, உட்கார்ந்தால் திரும்ப வருகிறது, கழுத்து விறைப்பு, காதில் இரைச்சல். நர்ஸ் "தூக்கம் இல்லல்ல, அதான்" என்றார். அத்தை "பச்ச உடம்புல காத்து பட்டிருக்கு, ஃபேனை நிறுத்து" என்றார். அம்மா சுக்குப் பற்று போட்டார். இப்படி ஒரு தலைவலி வரலாம் என்று ஆபரேஷனுக்கு முன்னாலோ பின்னாலோ ஒருத்தர்கூடச் சொல்லவில்லை! லண்டனில் மறுநாள் மயக்க மருந்து டாக்டரே வார்டுக்கு வந்து "உட்கார்ந்தால் தலை வலிக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் போனார். இங்கே மயக்க மருந்து டாக்டர் ஊசியைப் போட்டதும் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கிளம்பிவிடுகிறார்.

கீழே மெடிக்கல் ஷாப்பில் நாங்களே வாங்கிவந்த சாமான்களின் பில்லை எடுத்துப் பார்த்தேன். 25 கேஜ் பருமனில், குவின்கீ என்ற வகை முதுகு ஊசி. நுனியால் வெட்டிக்கொண்டு போகிற ரகம். பென்சில் முனை ஊசியில் இந்தத் தலைவலி நன்றாகவே குறையும், விலைதான் கூட. அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷனும் முதுகு ஊசியில்தான், தலைவலி என்ற பேச்சே இல்லை. அறுபது தாண்டியவர்களுக்கு அபூர்வம். இளவயது, பெண், அதிலும் பிள்ளை பெற்றவள் என்றால் வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்த நல்ல ஊசியை எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டோமா?

நான் போட்ட போன் தொல்லை தாங்காமல் ராத்திரி அந்த மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஆனால் மனுஷன் தங்கம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் கேட்டு முடிக்கிற வரை எழவில்லை, லண்டனில் அந்த அவகாசம் யாருக்கு இருக்கிறது? ஊசி போட்ட ஓட்டை வழியாகத் தண்டுவட நீர் கசிகிறது, அந்த நீரில் மிதக்கிற மூளை, உட்காரும்போது தாங்கல் குறைந்து கீழே இறங்குகிறது, அந்த இழுப்புதான் வலி என்றார். 1898இல் இந்த முறையைத் தொடங்கிவைத்த ஜெர்மானியர் ஆகஸ்ட் பீர், தன் முதுகிலேயே சோதித்துப் பார்த்து இதே தலைவலியில் படுத்துக் கிடந்தாராம். பாராசிட்டமால், தண்ணீர், காபி போதும், தாங்கவே முடியாவிட்டால் கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தினால் அது உறைந்து ஓட்டையை அடைத்துவிடும் என்றார். படுத்தும் வலி குறையாமல் போனாலோ, காய்ச்சல், வலிப்பு, பார்வை இரட்டையாகத் தெரிவது இதில் ஏதாவது வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கூப்பிடச் சொன்னார். காபி என்றதும் அத்தை முகம் போன போக்கைப் பார்க்கணும், பத்தியத்தில் காபியா! அம்மா அதற்குள் டிகாஷன் இறக்கிவிட்டார்.

முதுகில் ரத்தம் செலுத்தும் வரை போகவில்லை, வலி தானாகவே வடிந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிக்கல் ஏதுமில்லை' என்று அடித்திருந்தார்கள். அடுத்த பிரசவத்தில் ஊசி போடுகிறவருக்கு இது தெரிய வேண்டாமா? கவுண்டரில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல அதுக்கெல்லாம் இடம் இல்ல மேடம்". கடைசியில் அந்த மயக்க டாக்டரைப் பிடித்து, ஓரத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். சீல் வைக்க மட்டும் முக்கால் மணி நேரம்.