ஓடைக்கரையா, மலைச்சரிவா? காட்டு நடைபாதைக்கு எந்த வழி?

காட்டுக்குள் புதிதாக நடைபாதை போடுவது என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு யோசனைகள்தான் அடிபடும். ஒன்று, ஓடையை ஒட்டியே போவது. இன்னொன்று, ஓடையை விட்டு விலகி மலைச்சரிவின் இடுப்பைச் சுற்றிப் போவது. எங்கள் குழு சரிவையே தேர்ந்தெடுத்தது. இன்றைக்கும் நான் அந்தப் பக்கம்தான்.

ஓடைக்கரையின் கவர்ச்சியை விளக்கவே வேண்டாம். நிழல், தண்ணீர்ச் சத்தம், சமதரை, மண் வெட்டும் வேலையும் குறைவு. ஆனால் தவளை முட்டையிடுவது, பறவை கூடு கட்டுவது, பெரிய விலங்கு தண்ணீர் குடிக்க இறங்குவது எல்லாம் அதே குறுகிய பட்டையில்தான். அதன் நீளத்துக்கும் நாம் நடந்தால் அவை எங்கே ஒதுங்கும்? இயற்கையை ரசிக்க வரும் மனிதர்களால் விலங்குகளுக்கு என்ன ஆகிறது என்று 274 ஆய்வுக் கட்டுரைகளை அலசிய ஒரு தொகுப்பு 2016-இல் வெளியானது. அவற்றில் 93 விழுக்காட்டில் ஏதாவது ஒரு தாக்கம் பதிவாகியிருந்தது. வண்டியில் வருகிறவர்கள் மட்டுமல்ல, சும்மா நடந்து போகிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். என்னைச் சரிவின் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. 'அது செலவுக் கணக்காயிற்றே, வாழிடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று குழுவிலேயே கேட்டார்கள். நேரடிச் சம்பந்தம் உண்டு.

சமதரையில் விழுந்த தண்ணீர் வடிய வழியில்லை. கால் பட்டுப் பட்டு மண் இறுகி, பாதை பக்கத்துத் தரையைவிடத் தாழ்ந்துவிடும். ஒரு மழை பெய்தால் சேறு. முதலில் வருகிறவர் ஷூ நனையாமலிருக்க ஓர் அடி தள்ளிக் கால் வைப்பார். அந்த ஓரத்துப் புல் மிதிபட்டுச் செத்து அதுவும் சேறாகும். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். கடைசியில் ஒரே பாதை சடை பிரிந்தது போல நாலைந்தாகப் பரவி, நடுவில் மரங்கள் வேர் தெரிய நிற்கும். செடிகளுக்குப் பெரிய சேதம் முதல் சில மிதிகளிலேயே நடந்துவிடுவதால், புதிதாகப் பிரியும் ஒவ்வொரு தடமும் கரைக்குப் புதிய இழப்பு. வரைபடத்தில் நாம் போட்ட கோடு அப்படியே இருக்கும். தரையில் கரை பாதி போயிருக்கும்.

சரிவின் குறுக்கே வெட்டிய பாதையில் இதை வடிவமைக்கும்போதே தடுக்கலாம். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது; சராசரியாக 100 அடிக்கு 10 அடி ஏறினால் போதும். பள்ளத்துப் பக்க ஓரத்தைப் பாதையின் அகலத்தில் 5 விழுக்காடு அளவுக்குத் தாழ்த்தினால் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து இறங்கிவிடும். இடையிடையே ஏற்றத்தை நிறுத்தி ஒரு சின்ன இறக்கம் கொடுத்தால் தப்பி வந்த நீரும் அங்கே வெளியேறும். அப்புறம், ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்பதால் ஓரம் தள்ளி நடக்க யாருக்கும் தோன்றாது. பாதை ஒற்றையடியாகவே நிற்கும். இவ்வளவும் குறுக்குப் பாதைக்குத்தான் பொருந்தும். நேரே உச்சியைப் பார்த்து ஏறும் பாதை மழைக்கு வாய்க்காலாகிவிடும்.

சரிவில் வெட்டு வேலை அதிகம், ஆள்பலமும் அதிகம் வேண்டும். தண்ணீரைப் பார்க்காமல் என்ன காட்டு நடை என்ற மனத்தாங்கலும் நியாயமானதே. அதற்காகப் பாறைத் தரையாக உள்ள ஓரிடத்தில் மட்டும் ஒரு கிளைப் பாதையை ஓடைக்கு இறக்கலாம். ஓடையைக் கடக்க வேண்டுமானாலும் அப்படிப்பட்ட இடத்தில் செங்குறுக்காக ஒரே தடவை கடப்பது நல்லது.

பாறை முகடுகளில் பெரிய பறவைகள் கூடு வைக்கும் சரிவு என்றால் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அங்கே எனக்கு அனுபவம் குறைவு. பறவைகளை அறிந்தவர்களோடு நடந்து பார்த்துவிட்டு, பாதையைக் கீழே தள்ளுவதா, கூடு கட்டும் காலத்தில் மூடிவைப்பதா என்று முடிவெடுப்பேன். சரிவே இல்லாத அகன்ற பள்ளத்தாக்கில் இந்த யோசனை எடுபடாது. அங்கே ஈரமான பகுதிகளில் மட்டும் தரைக்கு மேலே மரப்பலகைப் பாதை போட்டு, மற்ற இடங்களில் கரையிலிருந்து முடிந்தவரை விலகிப் போவதே வழி.