"லினக்ஸில் ஓடும்" என்று விற்கும் பிசிஐ மோடம்: உறையைப் பிரிக்கும் முன் படியுங்கள்

கணினிக்குள் செருகி, தொலைபேசி லைனில் டயல் செய்யும் பிசிஐ மோடம் அட்டை ஒன்றை "56கே, வி.92, லினக்ஸிலும் ஓடும்" என்று எழுதி விற்றார்கள். வந்தது கோனெக்சன்ட் எச்எஸ்எஃப் சிப் வைத்த வின்மோடம், அதாவது தன் வேலையைக் கணினியிடம் தள்ளிவிடும் அரை மோடம். கேட்டால் "டிரைவர் போட்டால் ஓடும்" என்கிறார் கடைக்காரர். உறை பிரித்தாயிற்று, இனி திருப்பி எடுக்க மாட்டாராம். இது பச்சை ஏமாற்று.

முழு மோடத்தில் ஏடி கட்டளைகளை (டயல் செய் என்பது போல மோடத்துக்கு இடும் ஆணைகளை) புரிந்துகொள்ளும் கன்ட்ரோலரும், சிக்னலை மாற்றும் டிஎஸ்பி சிப்பும் அட்டையிலேயே இருக்கும். வின்மோடத்தில் அந்த வேலை கணினியின் சிபியு தலையில் விழுகிறது. டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் தகடு. இந்தச் சிப்புக்கு லினக்ஸன்ட் நிறுவனம் வெளியிட்ட டிரைவரோ, உரிமம் வாங்காதவரை 14.4 கேபிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 14.4 கிலோபிட்) மேல் போகாது. 56கே வேண்டுமென்றால் தனியாகக் காசு. லினக்ஸின் மையமான கெர்னல் மாறினால் டிரைவர் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூட விற்பவர் சொல்லவில்லை.

பழைய அட்டை வாங்குவதானால், பிசிஐ அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் வெளியீட்டை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். "சீரியல் கன்ட்ரோலர்" என்று வந்தால் பெரும்பாலும் நல்ல அட்டை. "கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்" என்று வந்தால் வின்மோடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிப்பின் பெயர் தெரியாமல் பணம் அனுப்பாதீர்கள். வீட்டில் சோதிக்க, மோடத்தைத் தேடும் டபிள்யூவிடயல்கான்ஃப் கட்டளையை ஓட்டுங்கள். மோடம் எதுவும் தென்படவில்லை என்று அது சொன்னால், டிரைவர் ஏற்றாத வின்மோடமா என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் கடைக்காரர் மேல் போடவும் கூடாது. மோடத்தின் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்றால், டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். மோடத்தோடு நேரடியாகப் பேசும் மினிகாம் நிரலில் ஏடி என்று அடித்ததும் ஓகே வந்து, டயல் செய்கையில் மட்டும் "நோ டயல்டோன்" என்றால் மோடம் பேசுகிறது, லைனைப் பாருங்கள். வாய்ஸ்மெயில் காத்திருக்கும்போது விட்டுவிட்டு ஒலிக்கும் டோனைச் சில மோடம்கள் டயல்டோனாக ஏற்பதில்லை. தொடக்கக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

வம்பே வேண்டாம் என்றால், ஆர்எஸ்-232 (சீரியல்) கேபிளில் இணையும் வெளி மோடம் வாங்குங்கள். அதில் கன்ட்ரோலர் இல்லாமல் இருக்க முடியாது. யுஎஸ்பி என்றால் அப்படி நம்ப முடியாது: செருகியதும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் சிடிசி-ஏசிஎம் டிரைவர் பிடித்து டிடிஒய்-ஏசிஎம்0 என்ற போர்ட் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அந்தத் திரையைப் படமெடுத்து, அன்றைக்கே திருப்பி அனுப்பக் கேளுங்கள்.